ஊசி நிறுத்தம்

மகள் போன பிறகு தையற்காரியின் கணவர் மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். நான்காவது வாரம் திங்கட்கிழமை மத்தியானம், கையில் ஒரு பை வெங்காயத்தோடும் முகத்தில் சிரிப்போடும் வீட்டுக்குள் வந்தார். பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேன்," என்றார். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். "கூட்டமே இல்லை. நீயும் வந்திருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே நடையில முடிஞ்சிருக்கும்."

"அதுக்குள்ள அவளை மறந்தாச்சு."

"மறக்கிறதா? யாரு சொன்னது உனக்கு? எல்லாம் ஞாபகத்துல இருக்கு. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கிடந்தா. சட்டையைக் கழட்டப் போனாங்க, முதுகுத் தோலும் கூடவே வந்துச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டா, குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." அவர் கத்தியை எடுத்து வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினார். "வலிக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். கண்ணு கலங்குதே, இது வெங்காயத்துக்கு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அழுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

ஊசியை யாருக்கும் வலுக்கட்டாயமாகப் போடுவதில்லை. அதை அந்த ஊர் பெருமையாகவே சொல்லிக்கொள்ளும். நல அலுவலகத்துக்குப் போக வேண்டியது, இரண்டே வரி அச்சடித்த ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட வேண்டியது, சட்டைக் கையைச் சுருட்ட வேண்டியது. முதல் வரி, எனக்கு யார் மேலும் எந்தக் குறையும் இல்லை என்பது. இரண்டாவது வரி, எனக்குச் சொல்லப்படும் வேலையையும் வீட்டையும் மறுக்க மாட்டேன் என்பது. பிறகு மாதம் ஒரு ஊசி. அதனால் நினைவு போகாது, புத்தியும் மழுங்காது. நெஞ்சின் மேல் ஏறி உட்காரும் பாரம் மட்டும் ஏறாது. தெருவில் பத்து வீட்டுக்கு ஒன்பது வீடு ஊசிக்காரர்கள். சண்டைச் சத்தம் கேட்டு வருஷக்கணக்காகிறது.

போடக் கூடாதவர்களும் உண்டு. பஸ் ஓட்டுகிறவர், கத்தி வைக்கிற டாக்டர், பாய்லரைக் கவனிக்கிறவர் ஆகியோருக்குப் பயம் வேண்டும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருந்தது. பயம் போனால் கை அசட்டையாகிவிடும்.

தையற்காரி ஊசி போடாததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கோபம் வந்தால் கோபப்பட்டே ஆக வேண்டும் என்கிற பிடிவாதம்தான். மகளும் அம்மாவை உரித்து வைத்தவள். இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. கிழிந்த விரிப்புகளைத் தைப்பது அம்மாவின் வேலை. வெளுத்த விரிப்புகளைச் சுடு உருளையில் விட்டு இஸ்திரி எடுப்பது மகளின் வேலை.

உருளைக்கு நீராவி கொண்டுபோகும் குழாயில் ஒரு வால்வு உண்டு. அழுத்தம் கூடினால் அது தானாகத் திறந்து நீராவியை வெளியே விட வேண்டும். அது துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. பாய்லர்காரன் அதைக் கண்டுபிடித்து சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னான். சூப்பர்வைசர் ஊசிக்காரர், நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். "பார்த்துக்கலாம்ப்பா," என்றார். மறுநாளும் சொன்னான். "பார்த்துக்கலாம்னு சொன்னேனே," என்றார். மூன்றாம் நாள் குழாய் வெடித்தது.

உருளையைச் சுற்றி அப்போது அவள் மகளைத் தவிர பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள், எல்லாரும் ஊசிக்காரர்கள். ஒருத்தரும் பதறவில்லை. ஒருத்தி நடந்து போய் மணியை அடித்தாள். மற்றவர்கள் நனையாத விரிப்புகளை எடுத்து அந்தப் பக்கம் அடுக்கினார்கள். தையல் அறையிலிருந்து தாய் ஓடி வருவதற்குள், அவள் மகள் தரையில் கிடந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

இதற்குத்தான் தையற்காரி புகார் கொடுத்தாள். புகார் இருக்கும் வரை அவளால் ஊசி போட்டுக்கொள்ள முடியாது. ஊசி போட்டுக்கொண்டால் புகார் இருக்காது. முதல் வரியே அதுதான்.

ஊசி போட்டவர்களின் சாட்சியும் செல்லாது. அந்தப் பத்துப் பெண்களும் நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொல்லத் தயாராகத்தான் இருந்தார்கள். ஒருத்தி அவள் மகள் எப்படிக் கத்தினாள் என்று அதே மாதிரி கத்திக்கூடக் காட்டினாள். ஆனால் குறையே இல்லாதவர்கள் குறைக்குச் சாட்சி சொல்ல முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பாய்லர்காரன் ஒருவன்தான்.

அவனுக்கு முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவன். விபத்துக்குப் பிறகு அவன் உடம்பு பாதியாகிப் போயிருந்தது. ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு வேலை மாத்தித் தரேன்னு சொல்றாங்க. துணி மடிக்கிற இடத்துக்கு. பாய்லரை விட்டு வந்துட்டா ஊசி போட்டுக்கலாமாம்." அவன் கையைப் பிசைந்தான். "போட்டுக்கட்டுமா?"

"எதுக்குத் தம்பி எங்கிட்டக் கேக்கற?"

"உங்ககிட்டக் கேக்காம எப்படி? முடியலைக்கா. சொன்னேன், கேக்கலை. அது அவர் தப்பு. ஆனா நானே அணைச்சிருக்கலாம் இல்ல? ஒரு கைப்பிடியைத் திருப்பணும். வேலையை நிறுத்தினா திட்டுவாங்களேன்னு பயந்துக்கிட்டு இருந்துட்டேன். யாரும் திட்டக்கூட மாட்டாங்க, எல்லாம் ஊசி போட்டவங்க. அந்தக் கைப்பிடிதான் கண்ணுலயே நிக்குது."

உள்ளே கணவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பையனைப் பார்த்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு அவன் நிம்மதியாகத் தூங்குவான்.

"விசாரணை முடியட்டும்," என்றாள். "அதுக்கு முன்னால போட்டுக்கிட்டா நீயும் சேர்ந்து அவளைக் கொன்ன மாதிரி."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

விசாரணை நான்கு முறை தள்ளிப்போனது. வேண்டுமென்றே யாரும் தள்ளிப்போடவில்லை. விசாரிக்கிறவர்களும் ஊசிக்காரர்கள், அவர்களுக்கு எதிலும் அவசரம் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் அவன் வந்து நின்றான். ஒவ்வொரு முறையும் அவள் அதே பதிலைச் சொன்னாள். பிறகு அவனை அப்படியே விட்டு வைக்கவும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் அறைக்குப் போய், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, அந்த இரண்டு நாள் கதையை அவனிடம் சொன்னாள். மகள் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் தவித்தாள், எந்த நேரத்தில் பேச்சு நின்றது, கண் இமை எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒருநாள் மகளின் சீப்பைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். பல்லிடுக்கில் முடி சிக்கியிருந்தது.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்றான்.

"ஆறிப் போயிடக் கூடாது பாரு."

அவன் அந்தச் சீப்பைப் பிடித்தபடி அழுதான். அவளும் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே, இன்னும் நன்றாகத்தான் வலிக்கிறது இவனுக்கு என்று மனசுக்குள் கணித்தும் கொண்டாள். தான் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கடைசியில், ஒரு வருஷம் கழித்து, விசாரணை நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாய்லர்காரன் எல்லாவற்றையும் சொன்னான், தான் திருப்பாமல் விட்ட கைப்பிடி உட்பட. மூவரும் குறுக்கிடாமல் கேட்டார்கள், ஒருவர் அவனுக்குத் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார். பிறகு சூப்பர்வைசரைக் கேட்டார்கள்.

"ஆமாங்க, ரெண்டு தடவை சொன்னாரு," என்றார் சூப்பர்வைசர். "நான்தான் விட்டுட்டேன். ஆள் அனுப்பியிருந்தா அரை மணி நேர வேலை." அவர் தையற்காரியின் பக்கம் திரும்பினார். முகத்தில் அதே சாந்தமான சிரிப்பு. "நானே உங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போகணும்னு இருந்தேம்மா. வேலையில அப்படியே தள்ளிப் போயிடுச்சு. நல்ல பொண்ணு."

அவள் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புகார் உண்மைதான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதினார்கள். சூப்பர்வைசருக்கு ஓராண்டு ஊசி நிறுத்தம். ஊசிக்காரர்களுக்கு வேறு எந்தத் தண்டனையும் பலிக்காது. ஜெயிலில் போட்டாலும் சாப்பாடு நன்றாயிருக்கிறது என்பார்கள். அந்த ஓராண்டும் அவர் சுதந்திரமானவர், வேலையை மறுக்கலாம், வீட்டை மறுக்கலாம், யார் மேல் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. சூப்பர்வைசர் மூவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பாய்லர்காரன் அன்றே மத்தியானம் ஊசி போட்டுக்கொண்டான். மறுநாள் மடிக்கும் மேஜையில் நின்றவன் அவளைப் பார்த்ததும் கையை ஆட்டினான். "அக்கா, சாப்டாச்சா?" அவன் முகம் பளிச்சென்று இருந்தது. அவள் நிற்காமல் கடந்து போனாள். ஊரில் தன்னோடு சேர்ந்து அழுத ஒரே ஆளும் போய்விட்டான் என்பது தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

சூப்பர்வைசருக்குக் கடைசி ஊசியின் வீரியம் இறங்க ஐந்து வாரம் ஆனது. ஆறாவது வாரம் ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சூப்பர்வைசர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், முகத்தில் நாலு நாள் தாடி.

"அம்மா, தண்ணி கேட்டாளாமே," என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

"உள்ள வா," என்றாள். அதுவரை அவரை நீங்கள் என்று சொல்லியே பழக்கம். இப்போது வாய் தானாக நீ என்றது, அவரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

கணவருக்கு விருந்தாளி வந்ததில் ஒரே குஷி. "வாங்க சார், உக்காருங்க. டீ போடறேன். சக்கரை எத்தனை?" என்று ஓடினார்.

அதற்குப் பிறகு சூப்பர்வைசர் தினமும் வந்தார். வீட்டில் அவருடைய மனைவியும் எட்டு வயது மகளும் ஊசிக்காரர்கள், பிள்ளைக்கு அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் அழுதால் மனைவி அன்பாக முதுகைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாளாம். பிள்ளை, அப்பா மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்குது என்று சிரிக்குமாம். இவர் துக்கம் இன்னது என்று புரிகிற ஆள் ஊர் முழுக்கத் தேடினாலும் தையற்காரி ஒருத்திதான். அதனால் அடிபட்டவன் அடித்தவளிடமே வருகிற மாதிரி அவளிடமே வந்தார். அவளும் விடவில்லை. பாய்லர்காரனுக்குச் சொன்ன அதே கதையைத் தினமும் கொஞ்சமாக இவருக்கும் சொன்னாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். ஒருநாள் முதுகை, மறுநாள் கையை, அடுத்த நாள் அந்தப் பத்து நிமிஷத்தை. இவர் தலையில் அடித்துக்கொண்டு அழுவார். பக்கத்தில் கணவர் டீயை ஆற்றிக்கொண்டே, "இல்லை, இல்லை, அது இடது கை. நான் பக்கத்துலயே இருந்தேன் சார்," என்று திருத்துவார்.

மகள் இறந்ததற்குப் பிறகு முதல்முறையாக அந்த நாட்களில்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள், அசந்து தூங்கினாள். சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது இதுதானோ என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒன்றரை மாதம் இப்படியே போனது. ஒரு வியாழக்கிழமை அவர் அழவில்லை. டீயைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஒம்போது மாசம் இருக்கும்மா," என்றார். "காலையில கண்ணு முழிக்கிறதுக்குப் பயமா இருக்கு. மன்னிச்சிடுங்கன்னு கேக்க மாட்டேன். அது கேக்கற விஷயம் இல்லை. போதும்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்கு அது உள்ள இறங்கும். வேற யாரு சொன்னாலும் சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க."

அவள் அவரைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, பாய்லர்காரன் எப்படி இருந்தானோ அப்படியே இருந்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் நாளைக்கு இவர் வர மாட்டார். நாளைச் சாயங்காலம் அவள் என்ன செய்வாள்?

"நாளைக்கு வா," என்றாள். "கடைசி ஒரு மணி நேரத்தை இன்னும் நான் உங்கிட்டச் சொல்லலை."

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் வாசலில் நின்றாள். இருட்டும் வரை யாரும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் சூப்பர்வைசரின் மனைவி வந்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. இருவரும் துவைத்த துணி உடுத்தி, தலை வாரி, லட்சணமாக இருந்தார்கள்.

"நீங்கதான் அந்த அக்காவா? அவர் உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு," என்றாள். "நேத்து சாயங்காலம், நீங்க கிளம்பினப்புறம், சலவைக்கூடத்து மொட்டை மாடியில இருந்து குதிச்சிட்டாரு. உங்களுக்குச் சொல்லாம விட்டா நல்லா இருக்காதேன்னு வந்தேன்."

தையற்காரி வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள்.

"உடனே போயிட்டாரா?"

"இல்லைக்கா. கொஞ்ச நேரம் இருந்துச்சாம் உயிர். கீழ பொம்பளைங்க இருந்தாங்க. துணி காயப்போட்டிருந்தாங்க இல்ல, ரத்தம் பட்டுடும்னு அதையெல்லாம் எடுத்துட்டு அப்புறம் மணி அடிச்சாங்களாம்."

"எங்க அப்பா தட்டுன்னு விழுந்தாரு," என்றது பிள்ளை, ஆசையாக.

அடக்கத்துக்குத் தையற்காரியும் போனாள். சலவைக்கூடத்து ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். வெயில் கொஞ்சம் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். பாய்லர்காரன் மண்வெட்டி பிடித்து ஒத்தாசை செய்தான். குழிக்குள் இறக்கும்போது வாய்விட்டு அழுதது அவள் ஒருத்திதான். எல்லாரும் மரியாதையாக ஒதுங்கி நின்று, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். யாருக்காக அழுகிறாள் என்று அவர்கள் கேட்கவில்லை. தன் மகளைக் கொன்றவனுக்கு அழ உலகத்தில் தன்னைத் தவிர ஒரு நாதி இல்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை அவள் நல அலுவலகத்துக்குப் போனாள். புகார் ஜன்னலில் இருந்த குமாஸ்தா அவளை அடையாளம் கண்டு சிரித்தான்.

"வாங்கம்மா. உங்க புகார்தான் முடிஞ்சிடுச்சே."

"இது புதுசு."

"யார் மேல?"

"என் மேலதான். அந்தாளைக் கொன்னது நான். போதும்னு ஒரு வார்த்தை கேட்டான். சொல்லலை."

குமாஸ்தா பேனாவை எடுத்தான், பிறகு வைத்தான். "அவர் வீட்டுல யாருக்கும் புகார் இல்லையேம்மா."

"எனக்கு இருக்கு."

"இருக்கட்டும், எழுதிக்கறேன். ஆனா தண்டனைன்னு எழுதணும் இல்ல? நம்மகிட்ட இருக்கிறது ஊசி நிறுத்தம் ஒண்ணுதான். உங்களுக்கு எதை நிறுத்தறது?" அவன் நிஜமாகவே அவளுக்காக யோசித்தான். இழுப்பறையைத் திறந்து ஒப்புதல் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். "ஒண்ணு செய்யலாம். முதல்ல இதைப் போட்டுக்கங்க. ரெண்டு மாசம் போகட்டும். அப்புறம் நிறுத்தச் சொல்லி நீங்களே வந்து கேளுங்க, நான் எழுதித் தரேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லை."

அவள் அந்த இரண்டு வரிகளையும் படித்தாள். ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டியிருந்த பேனாவைக் கையில்கூட எடுத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒருவர், "நிதானமாப் போடுங்கம்மா," என்றார்.

முதல் வரியை மூன்று முறை படித்தாள். யார் மேலும் எந்தக் குறையும் இல்லை. அந்த யார் என்பதில் தானும் உண்டு என்று அவளுக்குப் பட்டது. பேனாவை விட்டாள், அது கயிற்றில் தொங்கி ஆடியது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கணவர் மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தார்.

"சார் இன்னிக்கும் வரலையா?" என்று கேட்டவர், உடனே தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். "அட, அவர்தான் செத்துட்டாருல்ல." மூன்றாவது தட்டிலிருந்ததைத் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டார்.

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கணவர் சாப்பிட்டுக்கொண்டே தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அழுது முடிச்சிட்டுச் சாப்பிடு," என்றார். "ஆனா சீக்கிரம். ஆறிடும்."